தீபாவளி ஹெட்போன் திட்டம்: பகாவ் கோவில் இளைஞர் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி கேஎல்ஐஏவில் (கோலாலம்பூர் விமான நிலையத்தில்) இறங்கி போனைத் திறந்தால் வாட்சாப்பில் 27 செய்தி, பாதிக்கு மேல் ஒரே போஸ்டர்தான். என் படம் பெரிதாக, பக்கத்தில் ‘ஆலைத் தொழிலாளர்களின் காதைக் காப்போம்’ என்று சிவப்பு எழுத்து, கீழே 40 பேருக்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன், ஒன்று 150 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 6,000 வெள்ளி, அதில் பாதியைக் கேப்டன் அண்ணன் தருகிறார். தருகிறார் என்றே போட்டுவிட்டீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. சரி, அதை விடுங்கள், பணம் தருவதில் எனக்கு ஒன்றும் இல்லை. போஸ்டர் பகாவ் முழுக்கச் சுற்றி, சிரம்பானில் இருக்கும் என் மாமியார் வரைக்கும் போய்விட்டது, அதனால் பதிலையும் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

அந்த ஹெட்போனை வாங்காதீர்கள்.

‘நீங்க மட்டும் மாட்டிக்கிட்டுப் பறக்கலாம், எங்க ஆளுங்க மாட்டக் கூடாதாண்ணே’ என்று உங்களில் ஒருவன் கேட்கப் போகிறான். யார் என்றும் தெரியும், அவன் அப்பாவும் இப்படித்தான். அவனுக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் இரைச்சல் நீக்கும் ஹெட்செட் மாட்ட ஆரம்பித்து 13 வருடம் ஆகிறது. அதற்கு முன், விமானியான புதிதில், சுபாங்கிலிருந்து ஏடிஆர் 72 விமானம் ஓட்டினேன், கோத்தா பாரு, திரும்ப சுபாங், அப்புறம் பினாங்கு, மறுபடி சுபாங் என்று ஒரே நாளில் நாலு தடவை ஏறி இறங்குவோம். அப்போது என்னிடம் இருந்தது சாதாரண ஹெட்செட், இடுக்கி மாதிரி தலையைப் பிடிக்கும். அந்த விமானத்தின் புரொப்பெல்லர் ஒவ்வொன்றுக்கும் ஆறு இறக்கை. மேலே போய்ச் சீராகப் பறக்கும்போது அது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1,000 சுற்று சுற்றும், அப்படியென்றால் நொடிக்கு ஏறக்குறைய 100 தடவை ஒரு இறக்கை உங்கள் பக்கமாக வெட்டிக்கொண்டு போகிறது. அதுதான் அந்த ‘ம்ம்ம்’ என்கிற முழக்கம். வீட்டுக்கு வந்து படுத்தாலும் தலையணைக்குள் யாரோ மாவு மில் ஓட்டுகிற மாதிரி இருக்கும். ரேடியோவில் கன்ட்ரோலர் சொல்வது கேட்க வேண்டுமே என்று அதன் சத்தத்தையும் கூட்டிக் கூட்டி வைப்பேன். ஆக, காதுக்கு இரண்டு பக்கமும் அடி.

அப்புறம் ஒரு நாள் 3,000 வெள்ளிக்கு மேல் கொடுத்து இந்த வகை ஹெட்செட்டை வாங்கினேன். என் மனைவி இன்றைக்கும் அதை ‘அந்த ஐஸ்பெட்டி’ என்றுதான் சொல்வாள், ஐஸ்பெட்டி வாங்க வைத்திருந்த காசு அது. முதல் நாள் பொத்தானை அமுக்கினேன் பாருங்கள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஜெனரேட்டரை நிறுத்தினால் திடீரென்று ஒவ்வொருவர் குரலும் தனித்தனியாகக் கேட்குமே, அப்படி இருந்தது. ரேடியோ சத்தத்தைப் பாதிக்கு மேல் குறைத்தேன். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் எது என்று கேட்டால் முழக்கம் போனதைவிட இதைத்தான் சொல்வேன், என் கையாலேயே காதுக்குள் ஊற்றிக்கொண்டிருந்த சத்தம் குறைந்தது.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. காதை மூடும் கிண்ணத்துக்குள் ஒரு சின்ன மைக் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அலை மேலே ஏறும்போது, இது கீழே இறங்குகிற அலையை விடும், இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆனால் சத்தம் தாழ்ந்த சுருதியில், ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால்தான் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். புரொப்பெல்லர் முழக்கம் அதற்கென்றே பிறந்தது மாதிரி. கீச்சென்று வருவதும் டமார் என்று ஒரே ஒரு தடவை விழுவதும் இதன் கைக்குச் சிக்காது, அங்கே காதைச் சுற்றியிருக்கும் மெத்தையும் பிளாஸ்டிக்கும் தடுக்கிற அளவுதான். காக்பிட்டில் துணை விமானியின் சீட் பெல்ட் கொக்கி மாட்டும் ‘டிக்’ சத்தம் ஹெட்செட் போட்ட பிறகுதான் எனக்கு நன்றாகக் கேட்க ஆரம்பித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஹெட்செட் விமானிகளுக்கு விற்பனைக்கு வர வழி போட்டது ஒரு பயணி. 1978-ல் அமர் போஸ் என்ற பேராசிரியர் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார், விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க முடியவில்லை, எரிச்சலில் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அவர் அப்பா வெள்ளைக்காரனை எதிர்த்துவிட்டு வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். 1986-ல் எங்கும் இறங்காமல், எண்ணெய் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகத்தைச் சுற்றி வந்த வாயேஜர் விமானத்தில் போனவர்கள் போஸ் நிறுவனத்தின் சோதனை ஹெட்செட்டை மாட்டியிருந்தார்கள், 1989-ல்தான் அது விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது. விமான முழக்கத்துக்காகவே செய்த சாமான் என்று சொல்லத்தான் இந்தக் கதை.

இப்போது நம் செம்பனை எண்ணெய் ஆலைக்கு வருவோம். போஸ்டர் போட்டவர்களில் எத்தனை பேர் உள்ளே போய் நின்றிருக்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம். செம்பனைக் குலையை 3 பார் அழுத்த நீராவியில் ஒன்றரை மணி நேரம் வரைக்கும் வேக வைத்துவிட்டு அந்த நீராவியைத் திறந்துவிடும்போது ஒரு சீறல் வரும், பல்லைக் கூசும். கொட்டை உடைக்கிற இயந்திரத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கல்லை மெல்லுகிற மாதிரி இருக்கும். தண்டவாளத்தில் கூண்டும் கூண்டும் மோதும். இது எதையும் அந்த மின்னணு வித்தை பிடிக்காது. டர்பைன் முழக்கம் ஒன்றுதான் கொஞ்சம் அடங்கும், அடங்கியதும் நம் ஆள் என்ன நினைப்பான்? ‘பரவால்லையே, சத்தமே இல்ல’ என்று இன்னும் கிட்டப் போய் நிற்பான். எனக்குப் பயம் அங்கேதான். அதுவும் பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றான் என்றால் பின்னால் டிராக்டர் ரிவர்ஸ் எடுப்பதும் தெரியாது, ‘ஓடு’ என்று யாராவது கத்தினாலும் தெரியாது.

அந்த 150 வெள்ளிப் பெட்டியை வாங்கித் திருப்பிப் பாருங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம், புளூடூத் எந்த வகை, எல்லாம் இருக்கும். எத்தனை டெசிபல் சத்தத்தைத் தடுக்கும் என்று சோதித்துப் போடும் என்ஆர்ஆர் எண்ணைத் தேடுங்கள், கிடைக்காது. சில்லறைக் காசுக்கு விற்கும் நுரை அடைப்பான் பாக்கெட்டில் அந்த எண் இருக்கும். என்னுடைய ஐஸ்பெட்டியையே மாட்டிக்கொண்டு அந்த ஆலைக்குள் எட்டு மணி நேரம் நிற்கச் சொன்னால் நான் நிற்க மாட்டேன்.

இன்னொன்று. 13 வருடத்தில் எனக்கு அதிகம் தொல்லை கொடுத்தது மின்னணுப் பகுதி இல்லை, காதைச் சுற்றியிருக்கும் மெத்தை. வேர்வையில் ஊறி ஊறி ஒரு வருடத்தில் தோல் வெடிக்கும், கறுப்புத் துணுக்குகள் வெள்ளைச் சட்டைக் காலரில் உதிரும். ஒரு தடவை சோம்பேறித்தனத்தில் இரண்டு வருடம் மாற்றாமல் விட்டேன், விமானத்தில் சத்தம் கூடிவிட்டது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் குறைபட்டுக்கொண்டிருந்தேன், புது மெத்தை போட்டதும் சத்தம் போன இடம் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி இன்னொரு வில்லன். தடிப்பான காம்பு மெத்தைக்குக் கீழே ஒரு தீக்குச்சி அளவுக்கு இடைவெளி விடும், அந்த ஓட்டை வழியாக முழக்கம் முழுசும் உள்ளே வந்துவிடும், காதுக்குப் பின்னால் வடு வேறு. கம்பி மாதிரி காம்பு உள்ள கண்ணாடிக்கு மாறிய பிறகுதான் நிம்மதி.

பேட்டரி கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு டபுள்-ஏ பேட்டரி, காலையிலிருந்தே விளக்கு எச்சரித்துக்கொண்டிருந்தது, நான்தான் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். சாயங்காலம் கேஎல்ஐஏவுக்கு இறங்குகிறோம், 3,000 அடி, கீழே சிப்பாங் செம்பனைக் காடு. (அந்த விமான நிலையமே செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் எழுந்ததுதானே, 1998-ல் திறந்தார்கள். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் நம் லயத்து வீடுகள் எந்தப் பக்கம் என்று கண் தேடும்.) அந்த நேரம் பார்த்துப் பேட்டரி செத்தது. காதுக்குள் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி காற்று இரைச்சல் பாய்ந்தது. ரேடியோ நிற்கவில்லை, அந்த மாதிரி நேரத்தில் அது சாதாரண ஹெட்செட்டாக வேலை செய்யும். ஆனால் ஒரு இரண்டு நொடி விமானத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டேன், என் முகத்தைப் பார்த்துத் துணை விமானியும் பயந்துவிட்டான். அன்றிலிருந்து சட்டைப் பையில் இரண்டு பேட்டரி, அம்மா முந்தானையில் முடிந்து வைக்கிற சில்லறை மாதிரி.

நான் ஏர்கோன் போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டே இத்தனை புலம்புகிறேன். ஆலைக்காரர்களுக்குத் தலையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, பாய்லர் சூடு. அந்தச் சூட்டில் காதை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பார்கள்? கொஞ்ச நேரம் கழற்றினால் என்ன என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். 30 டெசிபல் தடுக்கும் அடைப்பான் என்று வைத்துக்கொள்வோம், எட்டு மணி நேர ஷிப்டில் நாலு மணி நேரம் கழற்றி வைத்தால் 15 டெசிபலாவது மிஞ்சும் என்றுதானே தோன்றும்? மிஞ்சுவது 3. மூன்று டெசிபல் என்பது சத்தத்தின் சக்தியில் சரி பாதி, கழற்றிய நேரத்தில் அந்தப் பாதி முழுதாக உள்ளே போய்விட்டது. வெறும் 48 நிமிடம் கழற்றினாலே 30 என்பது 10 ஆகிவிடும். ஷிப்டு முழுக்கக் காதில் இருக்கிற மாதிரி எது ஒருவருக்கு ஒத்துவருகிறதோ அதுதான் அவருக்கு நல்ல சாமான், அது நுரையாக இருந்தாலும் சரி, மேலே மாட்டுகிற மூடியாக இருந்தாலும் சரி. ஜெட் விமானத்தில் மேலே ஏறிய பிறகு நாங்கள்கூட ஒரு காதை விலக்கிக்கொள்வோம், ஆனால் அங்கே சத்தம் பொதுவாக 85 டெசிபலுக்குக் கீழே. ஆலையில் பல இடங்கள் 90-ஐத் தாண்டும்.

சரி, இதையெல்லாம்விட முக்கியமான விசயம். என் காதைக் காப்பாற்றியது ஹெட்செட் மட்டும் இல்லை, பரிசோதனை. விமானிக்கு முதல் மருத்துவச் சான்றிதழ் கொடுக்கும்போதே காதைச் சோதிப்பார்கள். அதற்குப் பிறகு 40 வயது வரைக்கும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது, 40 தாண்டினால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது சோதிக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் சுருதிகளில் கேட்கும் திறன் 35 டெசிபலுக்கு மேல் குறையக் கூடாது, 3,000-ல் 50-க்கு மேல். என் காது எங்கே இறங்குகிறது என்று ஒரு கோடு போட்டு எனக்கே காட்டுவார்கள்.

என் அப்பா 26 வருடம் ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் நின்றார். எந்த ஆலை என்பது இங்கே வேண்டாம், பெரியவர்களுக்குத் தெரியும். அந்த 26 வருடத்தில் அவர் காதை ஒரு ஆள் பார்த்ததில்லை. கேட்டால் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி காயத்துக்கு வைக்கிற பஞ்சைப் பிய்த்துக் கொடுப்பாராம், அந்தச் சத்தத்துக்குப் பஞ்சு வைப்பது கொசுவலையைக் கட்டி வெயிலை மறைக்கிற மாதிரி. வேலையை விட்டு மூன்று வருடம் கழித்து நான்தான் சிரம்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பழக்கமான அதே மாதிரி கண்ணாடிக் கூண்டு. சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். தாழ்ந்த சுருதிச் சத்தங்களுக்கு டக் டக்கென்று அமுக்கினார், பரீட்சையில் சரியாக எழுதிய பையன் மாதிரி என்னைப் பார்த்துச் சிரிப்பு வேறு. அப்புறம் பரிசோதனை செய்த அம்மா 3,000 ஹெர்ட்ஸுக்கு மாற்றினார், 4,000-க்கு மாற்றினார், 50, 60, 70 என்று ஏற்றிக்கொண்டே போனார். அப்பா கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தபடி, ரொம்ப ஒழுங்காக, காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு பக்கக் கிண்ணத்தைத் தூக்கிவிட்டுக் கண்ணாடி வழியாக என்னைக் கேட்டார், ‘இன்னும் ஆரம்பிக்கலையா?’

சத்தம் காதைத் தின்பது பெரும்பாலும் அந்த 4,000-ஐச் சுற்றித்தான் தொடங்கும். பேச்சில் ச, த, ப எல்லாவற்றையும் பிரித்துக் காட்டுவதில் உயர்ந்த சுருதிச் சத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறான் என்று புரியாது. அப்பாவுக்குச் சட்டியும் பட்டியும் கட்டியும் ஒன்றுதான். அம்மா கேட்பது ஒன்று, அவர் எடுத்துக்கொண்டு வருவது ஒன்று, நாங்கள் எல்லாரும் வருடக்கணக்காக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். உள்காதில் செத்துப்போன அந்த நுண்ணிய முடி செல்கள் மறுபடி முளைக்காது, எந்த ஹெட்போனும் திருப்பித் தராது.

அதனால் தம்பிகளே, நீங்கள் செய்ய வேண்டிய வேலை கடையில் இல்லை, ஆலை ஆபீஸில் இருக்கிறது. 2019 ஜூன் 1 முதல் நம் மலேசியாவில் வேலையிட இரைச்சலுக்கென்று தனி ஒழுங்குவிதி இருக்கிறது. ஒரு தொழிலாளியின் காதுக்கு ஒரு நாளைக்கு வரும் சத்தம் சராசரியாக 82 டெசிபலைத் தாண்டினாலே முதலாளி அதற்கென்று பதிவு பெற்ற ஆளை வைத்து அளக்க வேண்டும், வரம்பு 85, அதைத் தாண்டிய இடத்தில் வேலை செய்பவர்களுக்குக் காதுக் கவசமும் செவிப் பரிசோதனையும் கொடுக்க வேண்டும். அப்பா காலத்து விதியில் வரம்பு 90. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தே ஆக வேண்டும், அதில் தொழிலாளர் பக்கத்து ஆட்களும் உண்டு. உங்களில் இரண்டு பேரின் அண்ணன்மார் அந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களை விட்டுக் கடைசியாக எப்போது அளந்தீர்கள், அறிக்கை எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். பரிசோதனைத் தாளில் ஒவ்வொருவருடைய கோடு என்ன என்று அவரவர் கையில் கொடுத்தார்களா என்றும் கேட்கச் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம், தேதி போட்டு எழுத்தில் கேட்டால் போதும். பதில் வரவில்லை என்றால் அரசாங்கத்தின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபி ஆபீஸ் இருக்கிறது. பரிசோதனையில் யாருக்காவது குறை தெரிந்தால் தொழிலாளர் சமூகக் காப்பு நிறுவனமான சொக்சோவைப் பார்க்கச் சொல்லுங்கள், சத்தத்தால் காது போவது தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

ஒன்று மறந்துவிட்டேன். உங்கள் பட்டியலில் உள்ள 40 பெயரும் நம் ஆட்கள். பாய்லர் பக்கம் இப்போது நிற்பது பாதிக்கு மேல் வங்காளதேசத்துத் தம்பிகள், அவர்கள் காதும் காதுதான். ஆபீஸில் கேட்கும்போது எல்லாருக்கும் சேர்த்தே கேளுங்கள்.

பணம் என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். வேலையில் இருப்பவர்களுக்கு முதலாளி செலவு செய்யட்டும். ஆலையை விட்டு ஓய்ந்து லயத்திலும் தாமான் குடியிருப்புகளிலும் உட்கார்ந்திருக்கும் மாமாமார் இருக்கிறார்களே, டிவியை ஊர் கேட்க வைப்பவர்கள், கோவில் கூட்டத்தில் கேள்வி ஒன்று பதில் ஒன்று என்று பேசுவதால் நீங்கள் கிண்டல் செய்பவர்கள், அவர்களுக்கு இனி எந்த முதலாளியும் இல்லை. அப்பாவோடு ஷிப்டு பார்த்தவர்களில் 11 பேர் இன்னும் இருக்கிறார்கள். என் 3,000 வெள்ளியை அவர்கள் பரிசோதனைக்குத் தருகிறேன், உங்கள் 3,000-ஐ முதலில் யாருக்குக் கேட்கும் கருவி தேவை என்று டாக்டர் சொல்கிறாரோ அவருக்கு வையுங்கள், போதாது என்று தெரியும், மீதியைப் பேசிக்கொள்ளலாம். எனக்கு வருகிற வியாழன், வெள்ளி லீவு. வேன் ஒன்றைப் பேசி வையுங்கள், சிரம்பானுக்குக் காலை 7 மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். கூப்பிடும்போது போனில் கூப்பிடாதீர்கள், அவர்களுக்குப் புரியாது, நேரில் போய் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொல்லுங்கள்.

போஸ்டரில் இருக்கும் என் படத்தையும் எடுத்துவிடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், அதில் ஹெட்செட் என் காதில் இல்லை, கழுத்தில் தொங்குகிறது.

அன்புடன்,
உங்கள் கேப்டன் அண்ணன்